கடற்காற்று மறைத்த வளைவு

உள்ளங்கையில் ரப்பர் ஒட்டுகிற அந்தப் பிசுபிசுப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே கடற்கரைச் சாலையை ஒட்டியிருந்த கோல்ஃப் பயிற்சித் திடலில், மட்டையின் பிடியை எத்தனை முறை துடைத்தாலும் உப்புக்காற்று மறுபடியும் அதன்மேல் படிந்துவிடும். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் சாதத்தில் கை வைத்தால் ரப்பர் வாசனைதான் முதலில் வரும். "கையைக் கழுவினியா, நனைச்சியா?" என்று அம்மா கேட்காத நாளே கிடையாது.

அப்பாவுக்குச் சொந்த ஊர் கரூர். கடலோர ஆராய்ச்சி நிலையத்தில் பொறியாளர் வேலை கிடைத்து வந்தவர். குடியிருப்பில் எங்களுக்கு ஒரு வீடு. நாற்பது வயதுக்கு மேல் அலுவலக நண்பர்கள் சிலரோடு சேர்ந்து அவருக்கு கோல்ஃப் பைத்தியம் பிடித்தது. பதினொரு வயதில் துணைக்கு என்று அவரோடு ஸ்கூட்டரில் போன எனக்கு, அவரைவிட மோசமாகப் பிடித்துக்கொண்டது. "ரேஞ்ச்" என்று நாங்கள் சொல்லும் அந்தத் திடல் ஆட வருகிறவர்களுக்குச் சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் திறக்கும். பயிற்சியாளர் என்று யாரும் கிடையாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டதுதான். "டிரைவர்" எனப்படும் நீள மட்டையை, முதல் அடிக்கென்றே இருப்பதை, எப்படிப் பிடிப்பது என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து. "இடது கையை நல்லா வலப்பக்கமா மேல சுத்திப் பிடி, அப்பதான் பந்து நேரா போகும்" என்பார் அப்பா. அப்படியே பிடித்தேன், நேராகவே போயிற்று. அங்கே எல்லாருடைய பந்தும் நேராகத்தான் போயிற்று. அதில் எங்களுக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

திடல் தெற்குப் பார்த்தது. மட்டையோடு நின்றால் இடப்பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல். வலப்பக்கம் மதிற்சுவர், அதற்கப்பால் யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களில் ஒருவருக்கும் இது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

எனக்குப் பதினான்கு வயது ஆனபோது, செங்கல்பட்டைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த ஒரு மைதானத்தில் சிறுவர் சிறுமியர் போட்டி நடந்தது. காலை ஏழு மணி, ஓர் இலை அசையவில்லை. முதல் பந்தை அடித்தேன். பாதி தூரம் ஒழுங்காகப் போனது, பிறகு யாரோ கூப்பிட்டதுபோல இடப்பக்கம் திரும்பி முள்ளுக்காட்டுக்குள் போய் விழுந்தது. இரண்டாவதும் அப்படித்தான். பதினெட்டுக் குழிகள் கொண்ட ஆட்டம் முடிவதற்குள் ஒன்பது பந்துகளை முள்ளுக்குள் விட்டிருந்தேன். கூட ஆடிய பெண்ணின் அப்பா, பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார்: "இதுக்குப் பேரு ஹூக்குமா. கடற்கரைப் பக்கத்திலேர்ந்து வர்ற பசங்க எல்லாம் இப்படித்தான் வளைக்கிறாங்க, ஏன்னுதான் தெரியல." எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

 திரும்பும் வழியில், திருக்கழுக்குன்றத்தில் அப்பா ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இதே மைதானத்துல இன்னும் ஆறு வாரத்துல மாநில அணிக்கு ஆள் எடுக்கிறாங்க. எட்டுப் பேர். அதுல வந்தா ஆடு. இல்லேன்னா மட்டையைப் பரண்ல போட்டுட்டு பத்தாங்கிளாஸ் படிக்கிற வழியைப் பாரு." அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்; கணக்குப் போட்டுச் சொன்னார். அழவில்லை நான். பரணில் அந்தப் பை தூசி படிந்து கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது, அது மட்டும் நடக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. சாயங்காலக் கூட்டத்தின் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல், காலை முதல் பேருந்தில் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே போனேன். "இன்னா பாப்பா, இம்மாம் பெரிய பையி? மீன் தூண்டிலா?" என்று நடத்துநர் கேட்டதற்குப் பேருந்தே சிரித்தது. திடலில் காலையில் கஸ்தூரி அக்கா மட்டும்தான் இருப்பார். பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர், முதல் நாள் சாயங்காலம் சிதறிய பந்துகளைக் கூடையில் பொறுக்குவது அவர் வேலை; சாயங்காலமும் அங்கேதான் இருப்பார். கெஞ்சிக் கேட்டதில் ஓர் ஓரமாக நின்று அடிக்க விட்டார்.

ஐம்பது பந்து அடித்தேன். ஐம்பதும் சவுக்குத் தோப்புக்குள். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "போன வாரம் இதே எடத்துல நேரா போச்சுக்கா! அதுக்குள்ள எப்படி மறந்துபோகும்?" என்றேன்.

அக்கா கூடையை இடுப்பில் வைத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ ஒண்ணும் மறக்கல. சாயங்காலம் அடிச்ச மாதிரியேதான் அடிச்சிகினு கீற, நான் பாத்துகினுதான் இருந்தேன். சாயங்காலம் கடக்காத்து தள்ளிகினு வந்து நடுவுல போடுது. இப்ப காத்து எங்க கீது? வலைய வீசறவனுக்குத் தெரியும், இதுகூடவா தெரியாது உங்களுக்கு?"

 மூன்று வருடமாக நாங்கள் எல்லாருமே பந்தை இடப்பக்கம் வளைத்துக்கொண்டிருந்தோம். கடலிலிருந்து வந்த காற்று அதைத் தினமும் வலப்பக்கம் தள்ளி நேராக்கிக்கொண்டிருந்தது. நான்கு மணிக்கு முன்னால் யாரும் அங்கே அடித்ததில்லையாதலால், இத்தனை படித்த மனிதர்களில் ஒருவருக்கும் அது தெரியாமல் போயிற்று.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தே விட்டார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! காத்து மேல பழி போடறியா?" ஆனால் பொறியாளர் அல்லவா, அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாகவே என்னோடு கிளம்பி வந்தார். பத்துப் பந்து அடித்தார், பத்தும் சவுக்கு. "இன்னைக்கு எனக்கு இடுப்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போய் ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டார்.  எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

அப்பாவின் செல்போனில் தேடித் தேடிப் பாடங்களைப் பார்த்தேன். மட்டையைப் பிடித்துக் குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு விரல் முட்டிகள்தான் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். எனக்கு நான்கும் தெரிந்தன. கையை அவ்வளவு சுற்றிப் பிடித்தால் பந்தில் படும் நேரத்தில் மட்டையின் முகம் இடப்பக்கம் மூடிக்கொள்ளும், பந்து வளையாமல் என்ன செய்யும்? கால்களுக்கு முன்னால் தரையில் ஒரு குச்சியை வைத்துப் பார்த்தேன். நேராக நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வலப்பக்கம் திரும்பி நின்றிருக்கிறேன். பிடியை மாற்றினேன். ஐயோ, அந்த முதல் வாரம்! மட்டை கைக்குள் நிற்கவில்லை, யாரோ ஒருவருடைய கையை வாங்கி மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. கட்டைவிரலின் அடியில் புதிதாகக் கொப்புளம் வந்து உடைந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தேன். இரண்டாவது வார முடிவில், காற்றில்லாத ஒரு காலையில், ஒரு பந்து நூல் பிடித்ததுபோலப் போனது. கஸ்தூரி அக்கா தூரத்திலிருந்து கூடையைத் தூக்கிக் காட்டினார்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. காலைகள் போதவில்லை, சாயங்காலமும் அடித்தாக வேண்டும். நேராக அடித்த பந்தைக் கடற்காற்று என்ன செய்யும்? மதிற்சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது. தென்னந்தோப்புக் காவல்காரர் சுவர்மேல் தலையை நீட்டிக் கத்தினார்: "யாருமா அது? மண்ட ஒடஞ்சா யாரு பதில் சொல்றது? பேஜாரு புட்ச்ச பொண்ணா இருக்குதே!" மற்றவர்கள் எல்லாம் திடலின் நடுவே அழகாக அடித்துக்கொண்டிருந்தார்கள், நான் ஒருத்திதான் சுவருக்கு அப்பால். அப்பாவின் நண்பர்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். "நல்லா ஆடிட்டிருந்த பொண்ணு, இருந்ததும் போச்சே!" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அம்மாவுக்கும் செய்தி போயிற்று. "ஊரோட ஒத்து வாழணும்டி, அத்தனை பேரும் அப்படித்தானே பிடிக்கிறாங்க?" என்றார். அந்தச் சாயங்காலங்களில் எத்தனையோ முறை இடது கை பழைய இடத்துக்கே நழுவிப் போகப் பார்த்தது. சற்றே சுற்றிக்கொண்டால் போதும், கேலி நின்றுவிடும், பந்து நடுவில் விழும். மாட்டவே மாட்டேன் என்று ஒவ்வொரு அடிக்கும் முன் குனிந்து விரல் முட்டிகளை எண்ணினேன். இரண்டு. இரண்டேதான்.

தேர்வு நாளன்று அதே மலையடிவாரம், அதே முள்ளுக்காடு. காலை முழுவதும் ஒரு பந்துகூட இடப்பக்கம் போகவில்லை. ஆனால் குறைந்த அடிகளில் முடிக்கிறவர்தான் முந்துவார்; குழிக்கருகே தடுமாறி அடிகளைக் கூட்டிக்கொண்டதால், கடைசிக் குழிக்கு வந்தபோது எட்டாவது இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு பந்து தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. இடப்பக்கம் குளம், வலப்பக்கம் முள். அதற்குள் வெயில் ஏறியிருந்தது. மட்டையை எடுத்து நிற்கிறேன், சட்டையின் இடப்பக்கத்தில் குளிர்ச்சியாக என்னவோ பட்டது. அத்தனை தூரம் தாண்டி வந்துவிட்டது கடற்காற்று! இடமிருந்து வலமாக, அதே காற்று. பழைய பிடிக்கென்றே செய்து வைத்த அடி இது. கை கெஞ்சியது என்றே சொல்ல வேண்டும்.

குனிந்து பார்த்தேன், இரண்டு முட்டி. அப்படியே உடம்பை இடப்பக்கம் திருப்பி, குளத்தின் நடுத் தண்ணீரைப் பார்த்து நின்றேன். பின்னால் யாரோ "ஐயய்யோ" என்றது கேட்டது. நேராக அடித்தேன். பந்து தண்ணீருக்கு மேலே உயர்ந்து போயிற்று. உச்சிக்குப் போனதும் காற்று அதை மெல்ல வலப்பக்கம் நகர்த்தி, புல்வெளியின் நடுவே இறக்கியது. எட்டாவது ஆளாகத் தேறினேன்.

அப்பா ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். "தண்ணியைப் பாத்து ஏம்மா நின்ன? எனக்கு உசிரே போயிடுச்சு" என்றார். "காத்து கொண்டுவந்து போட்டுடும்னு தெரியும்பா" என்றேன். என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "தப்பாச் சொல்லிக் குடுத்தது நான்தான்" என்றார்.  கொப்புளம் இருந்த இடத்தில் தன் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினார்.

இரண்டு வருடம் மாநில அணியில் ஆடினேன். பெரிய ஆட்டக்காரி ஆகிவிடவில்லை. இப்போது மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அந்தத் திடல் இப்போது இல்லை. கடல் தெரியும் என்று ஆசை காட்டி விற்ற மாடி வீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன; சவுக்குத் தோப்பும் போயிற்று, மதிற்சுவரும் போயிற்று. குப்பத்தில் விசாரித்தேன், கஸ்தூரி அக்கா மகளோடு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டாராம்.

சென்ற மாதம் ஆலையில், எல்லாரும் நம்பும் ஓர் அளவுக் கருவி தவறாகக் காட்டுகிறது என்று சொன்னேன். மேசையைச் சுற்றியிருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். பதில் சொல்ல அவசரம் தோன்றவில்லை. அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நாலு பேர் சிரித்தால் கூசிப்போகிற பெண் ஒருத்தி எனக்குள் இருந்தாள். அந்த ஆறு வாரத்தில் எந்தச் சாயங்காலத்தில் போனாளோ, பிறகு திரும்பி வரவே இல்லை.