கீரைக்குத் தகுந்த மாத்திரை

என் நெஞ்சுக்குள்ள ஒரு வால்வு இருக்கு. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில மாத்தி வெச்சது. அதுல ரத்தம் உறைஞ்சு ஒட்டிக்கிச்சுன்னா ஆள் காலி. அதனால உறையாம இருக்க தினம் வார்ஃபரின் மாத்திரை போடணும். மாத்திரை கூடிப்போனா வேற வம்பு, எங்கயாவது ரத்தம் கசிய ஆரம்பிச்சா லேசுல நிக்காது. கிளினிக்ல விரல்ல குத்திப் பாத்து ஒரு நம்பர் சொல்வாங்க. எனக்கு மூணு கிட்ட இருக்கணும், அதுக்கு மேல ஏறினா ரத்தம் கசியற பயம்.

கீரை இந்த மருந்தோட வேகத்தக் குறைக்குமாம். அது தெரிஞ்சதும் எங்க தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள்ல ஆளாளுக்கு டாக்டர் ஆயிட்டாங்க. கீரையத் தொடாத, கோஸைத் தொடாதன்னு ஒரே உபதேசம். கிளினிக்ல மருந்து குடுக்கிற பொண்ணுதான் விவரமா சொன்னா. "கீரைய விட வேணாம் ஆண்ட்டி. எப்பவும் சாப்பிடுற அளவே சாப்பிடுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திரைய நான் வெக்கிறேன்."

நான் சாப்பிட்ட கீரையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி கொண்டு வந்ததுதான். அவளும் என்னை மாதிரி புருஷன் இல்லாதவ. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கொழுந்து எடுத்தோம். அப்புறம் அவ திரிங்காப்புல காய்கறித் தோட்டத்து வேலைக்குப் போனா. லோரியில ஏத்தினது போக மிஞ்சின பசலை, கங்கோங் கீரை, ஏதாவது ஒரு கட்டு சாயங்காலம் கையில இருக்கும். என் அடுப்படியில உக்காந்து ரெண்டு பேரும் ஆய்வோம். வாய் ஓயாது, ஊர்ல ஒருத்தரையும் விடமாட்டோம். அவளுக்கு உப்பு போடவே வராது. அதைச் சொன்னா, "அப்ப நீயே கிண்டுடீ"ம்பா. சோறு ஒண்ணாத்தான் சாப்பிடுவோம். அந்தக் கீரைக்கு ஏத்த மாதிரி என் மாத்திரையும் ஏறி ஒரு அளவுல நின்னுச்சு.

கிள்ளான்ல இருக்கிற அவ மகன் கார் எடுத்துக்கிட்டு வந்தான். மருமகளுக்குப் பிரசவம். "ரெண்டு மாசந்தான்டீ, வந்துருவேன் லா"ன்னா. எனக்குக் கோவம். "போ போ, பேரப்பிள்ளைய பாத்தா நாங்கல்லாம் உன் கண்ணுக்கு எங்க தெரியப்போறோம்"னுட்டு உள்ள வந்துட்டேன். கார் ஏறும்போது கூட நான் வெளிய போகல. அது என் திமிரு.

ஒருத்திக்காக எவ கீரை ஆய்வா? ரொட்டியத் தேத்தண்ணியில தொட்டுத் தின்னுட்டுப் படுத்துருவேன். அடுத்த தடவை நம்பர் நாலு தாண்டிருச்சு. என்ன மாத்தம்னு அந்தப் பொண்ணு கேட்டா. பக்கத்து வீட்டுக்காரி ஊருக்குப் போயிருக்கா, வந்ததும் கீரை வந்துரும்னேன். "அப்ப மாத்திரைய மாத்தல. அவங்க வர்ற வரைக்கும் நீங்களே வாங்கிச் சாப்பிடுங்க"ன்னா. சரின்னு தலையாட்டினேன். வாங்கல. ரெண்டு மாசம் தாண்டிப் போச்சு. போன் பண்ணினா பிள்ளை அழுற சத்தந்தான் பெருசா கேக்கும், எப்ப வர்றேன்னு கேக்க எனக்கு வாய் வரல.

ஒரு நாள் காலையில பல் விளக்கறேன், துப்பறதெல்லாம் ரத்தம். கொப்புளிச்சும் நிக்கல. கையில அங்கங்க கன்னிப்போய் நீலம். பயத்துல கத்தணும் போல இருந்துச்சு. யாரைக் கூப்பிடறது? பக்கத்து வீட்டுல பூட்டு. அந்தப் பக்கம் இருக்கிற வெளிநாட்டு வேலைக்காரப் பசங்க வெள்ளனவே கொழுந்து எடுக்க மலைக்குப் போயிட்டாங்க. வாயில துணிய வெச்சுக்கிட்டு நானா நடந்து போய் பஸ் பிடிச்சேன்.

நம்பர் ஆறு. டாக்டர் பாத்துட்டுக் குடிக்க மருந்து குடுத்து, ரெண்டு நாளைக்கு மாத்திரைய நிறுத்தச் சொன்னாரு. அப்புறம் அந்தப் பொண்ணு என் மருந்துப் புத்தகத்தத் திறந்து வெச்சுக்கிட்டு, எழுதாம என்னைப் பாத்தா.

"ஆண்ட்டி, அவங்க திரும்பி வருவாங்களா? வருவாங்கன்னா ஒரு அளவு, இல்லன்னா வேற அளவு. உண்மையச் சொல்லுங்க."

கிளம்பின அன்னிக்கு சாமி படங்களையும் அவ கழட்டி எடுத்துக்கிட்டுப் போறத நான் ஜன்னல் வழியா பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல. எனக்கே சொல்லிக்கல.

"வரமாட்டா"ன்னேன். சொன்னதும் அழுகை வந்துருச்சு. அந்தப் பொண்ணு என் கைய ஒரு நிமிஷம் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் பழைய அளவ அடிச்சுட்டு, குறைச்சு எழுதினா.

"ஒரு ஆள் சாப்பாட்டுக்கு இது போதும் ஆண்ட்டி"ன்னா.