கயித்தண்ணனும் மெத்தையும்

படகு தூரத்தில் வரும்போதே இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றுவிடுவார். கடற்படையின் ரோந்துப் படகுகள் கரை சேருகிற துறையில், கயிறு வாங்கிக் கட்டுவது அவர் வேலை. படகிலிருந்து வீசுகிற கயிற்றை ஒரு நாளும் அவர் தரையில் விழ விட்டதில்லை. எல்லோருக்கும் அவர் கயித்தண்ணன்.

உள்ளங்கை இரண்டும் காய்த்து மரப்பட்டை மாதிரி இருக்கும். காலையில் அவர் சாமி கும்பிடும்போது கை உரசுகிற சத்தம் அடுப்படி வரை கேட்கும். "சாமி கண்ண மூடிட்டிருந்தாலும் சத்தத்துலயே உங்களைத் தெரிஞ்சிரும்" என்று மனைவி சிரிப்பாள்.

படகு வருகிற விதத்தைப் பார்த்தே சுக்கான் யார் கையில் என்று சொல்லிவிடுவார். ஒருவர் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திய பிள்ளை போலத் தயங்கித் தயங்கி வருவார். இன்னொருவர் சம்பந்தி வீட்டுக்குச் சண்டைக்குப் போகிறவர் போல நேரே வருவார். புதிதாகச் சுக்கான் பிடிக்கிறவர்களுக்கு மட்டும், துறைச் சுவரில் எப்போதும் தொங்குகிற டயர்களோடு பெரிய லாரி டயர் ஒன்றையும் சேர்த்துத் தொங்கவிடுவார். மோதினாலும் படகுக்குக் காயம் படாது. படகுக்காரர்கள் அதற்கு வைத்த பேர் மெத்தை. மெத்தை வாங்கினவரைப் பார்த்து, நல்ல தூக்கமா என்று மற்றவர்கள் கேட்டுக் கேட்டே ஒரு வழி பண்ணிவிடுவார்கள்.

இன்று வந்த படகில் சுக்கான் அவர் மகளின் கையில். இத்தனை நாளும் கீழே இயந்திர அறையில் எண்ணெய்க் கையோடு இருந்தவள். அதிகாரி துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மோதாமல் கரை சேர்த்தால் சுக்கான் அவளுக்கு. மோதினால் மறுபடி கீழேதான். காற்று வேறு பக்கவாட்டில் தள்ளியது. கயித்தண்ணன் யாரிடமும் கேட்காமல் மெத்தையைக் கட்டித் தொங்கவிட்டார்.

படகு பாதி வழியில் நின்றுவிட்டது. சுக்கான் அறையின் சன்னல் திறந்தது. வீட்டில் கேட்கிற அதே குரல்.

"அப்பா, மெத்தைய எடுங்க. நான் தூங்க வரல."

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காத்து மோசமா இருக்கும்மா."

"தெரியும்ப்பா. நீங்க எடுங்க."

பெற்ற மனசு கேட்குமா? ஆனாலும் முடிச்சை அவிழ்த்து டயரை மேலே இழுத்து ஓரமாக உருட்டிவிட்டார். படகு மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பியது. பிறகு பக்கம் சாய்ந்தாற்போல மெல்ல மெல்லத் துறையை நோக்கி வந்தது. அதற்கு மேல் அவரால் பார்க்க முடியவில்லை. காற்றை நிறுத்து என்று கேட்கவில்லை சாமி, அவள் கைக்குத் துணையாக இரு என்று மட்டும் சொல்லிக்கொண்டார்.

சுவரில் டயர்கள் லேசாக முனகின. அவ்வளவுதான். அதிகாரியின் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது.

"அப்பா, கயிறு!"

கயிறு பறந்து வந்து அவர் தோளில் விழுந்து, நழுவித் தரையில் கிடந்தது. அதைப் பிடிக்க வேண்டிய கைகள் இரண்டும் மார்புக்கு நேரே கூப்பியிருந்தன.