கழுவிவிட்ட எலும்பு

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிற அக்கா, யாருக்கோ வெட்டியெடுத்த காலை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறாளாம். முடிவெட்டுகிறவர் சொன்னதாக அவள் வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். முடிவெட்டுகிறவருக்கு இன்னொரு வாடிக்கையாளர் சொன்னாராம். பாதித் தலையோடு எழுந்து வரவும் முடியாது, அவள் புருஷன் நான்தான் என்று சொல்லவும் முடியாது. முழுவதையும் கேட்டுவிட்டு, காசும் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"அது கால் இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் அக்கா.

"அப்ப வேற என்னன்னு கேட்டா? அதுதான் உனக்கே தெரியலையே."

ஊர் பேசியது அவளுக்கு உறைக்கவில்லை. இது உறைத்தது.

எலும்பு கிடைத்தது புயல் ஓய்ந்த மறுநாள். வேலை முடிந்து கடற்கரையோரம் நடந்து வீடு திரும்புவது அவள் வழக்கம். கரையின் கோடியில் இருந்த மண்மேட்டைக் கடல் ஒரு பக்கமாகக் கடித்துத் தின்றிருந்தது. சரிந்து கிடந்த மண்ணுக்கடியில் கரும்பழுப்பாக ஒன்று வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. முழங்கை நீளம் இருக்கும். எடுத்துப் பார்த்தாள், கருங்கல் கனம் கனத்தது. இத்தனை வருஷமாக ஊரார் கைகால்களைத் தாங்கிப் பிடித்த கை அவளுடையது. அந்தக் கைக்குப் பிடிபடாத எலும்பாக இருந்தது அது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கழுவினாள். முறிவோ சுளுக்கோ, தோலைச் சுத்தமாகத் துடைக்காமல் கட்டுப் போட அவளுக்குக் கை வராது. பழைய பல் பிரஷும் வெந்நீருமாக உட்கார்ந்து, ஒட்டியிருந்த சாம்பல் நிறச் சேற்றை ஒரு பொட்டு விடாமல் தேய்த்துத் தொட்டியில் விட்டாள். பிறகு உடையாமல் இருக்கட்டும் என்று பஞ்சைச் சுற்றி, மேலே ஒரு மாவுக்கட்டும் போட்டு அலமாரியில் வைத்தாள். சர்க்கரை கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி கண்ணில் பட்டது அந்தக் கட்டுதான். கால் முளைத்த கதை அதுதான்.

மேட்டின் மேலே இருந்த வீடுகளைக் காப்பாற்றக் கரை நெடுகப் பாறாங்கல் கொட்டிச் சுவர் எழுப்பப்போவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அந்த வேலைக்கு மேற்பார்வை அவளுடைய தம்பி. எலும்பின் மிச்சம் மேட்டுக்குள் இருந்தால் கல் விழுந்தபிறகு யாரும் பார்க்க முடியாது, மறுமுனையிலிருந்து ஆரம்பியேன் என்று கேட்டாள். லாரிகளை அந்தப் பக்கம் திருப்புவது விளையாட்டா, மாட்டெலும்புக்காக வேலையை நிறுத்தினால் மேட்டு வீடுகளில் இருப்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் நகரவில்லை. கடைசியில் அவன்தான் இறங்கி வந்தான்.

"ஊருக்கெல்லாம் நீ அக்கா, எனக்கு மட்டும் தலைவலி. வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள மியூசியத்துக்காரங்க பார்த்து, இது இந்த மேட்டு எலும்புதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், மறுமுனையிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். சொல்லலைன்னா சனிக்கிழமை காலையில கல்லு விழும். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

மறுநாளே விடுப்பு எடுத்து, எலும்பை மடியில் கிடத்திக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்து இருக்கைக்காரர் கட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

மியூசியத்தில் எலும்புகளைப் பார்க்கிறவள் இளம்பெண். கட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். தோண்டியெடுத்ததை நாங்களும் இப்படித்தான் கட்டிக்கொண்டு வருவோம் என்றாள். பிரித்து, எடைபோட்டு, உடைந்த முனையை லென்ஸில் நெடுநேரம் பார்த்தாள். உள்ளே மஜ்ஜைக்கு இடமே இல்லை, ஒரே கெட்டி. இது கடற்பசுவின் விலா என்றாள். கடலடியில் புல் மேய்கிற பிராணி அது. மிதந்துவிடாமல் மூழ்கியிருக்க விலா அப்படிக் கனக்குமாம். இதுவோ அதற்கும் மேலே கல்லாகவே மாறிவிட்டது, மனுஷர் காலத்துக்கு ரொம்ப முந்தியது என்றாள்.

அக்காவுக்கு அப்போதே தம்பியைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது.

"ஆனா இது அந்த மேட்டுலேர்ந்து விழுந்ததா, கடல் எங்கிருந்தோ உருட்டிட்டு வந்து போட்டதா? அதை ஒட்டியிருந்த மண்ணைத்தான் கேக்கணும். எங்கே அது?"

"கழுவிட்டேன்."

அந்தப் பெண் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துணி தேடி, மெதுவாகத் துடைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அக்கா லென்ஸைக் கேட்டு வாங்கினாள். கட்டுப் பிரித்தபிறகு விரலிடுக்கில் மாவு தங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒவ்வொரு வளைவாக, பள்ளமாகப் பார்த்துக்கொண்டு போனாள். மூன்று பேர் வந்து அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டுவிட்டுப் போனார்கள். அக்கா நிமிரவில்லை. ஒரு முனையில், எப்போதோ சிப்பி குடைந்த துளை ஒன்று ஊசி நுழையும் அளவுக்கு இருந்தது. பிரஷ் அங்கே எட்டவில்லை. உள்ளே சாம்பல் நிறத்தில் கொஞ்சம் அடைந்திருந்தது.

"இது போதுமா?"

போதும், ஆனால் ஒத்துப்பார்க்க மேட்டு மண்ணும் வேண்டும் என்றாள் அந்தப் பெண். அன்று சாயங்காலமே அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேட்டில் ஏறினாள். எந்த அடுக்கு என்று தெரியாததால் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து, கட்டு மாவு வருகிற டப்பாக்களில் அடைத்தாள். கீழே நின்ற தம்பி, மேடு முழுவதையும் நீயே கொண்டுபோய்விட்டால் சுவருக்கே அவசியமில்லை என்றான். ஆனால் டப்பாக்களை அவன்தான் கீழே நின்று வாங்கினான்.

மறுபடி பஸ், மறுபடி மியூசியம். மண்ணை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வெள்ளிக்கிழமை போன் செய்கிறேன் என்றாள் அந்தப் பெண். ரெண்டும் ஒன்றில்லை என்று வந்தால் என்ன செய்வாய் என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்லைன்னா இல்லைன்னு தெரியட்டும். கழுவினது நான். தெரியாம விட மாட்டேன்."

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க அக்காவின் ஏப்ரன் பையில் போன் கம்மென்று கிடந்தது. சார்ஜ் இருக்கிறதா, சத்தம் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கப் போய் பைக்கிலிருந்து விழுந்த ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கெண்டைக்கால் எலும்பில் முறிவு. பஞ்சைச் சுற்றி, நனைத்த கட்டை அடுக்கடுக்காக ஏற்றி, பாதத்தை நேராக நிமிர்த்தி உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். மாவு இறுகுகிறவரை கையை எடுக்கக்கூடாது. எடுத்தால் பாதம் சாய்ந்துவிடும், அந்த ஆள் ஆயுளுக்கும் சாய்த்துத்தான் நடப்பார்.

போன் அடித்தது.

ரெண்டு கையும் மணிக்கட்டுவரை மாவு. பார்சல்காரர் அவள் பையைப் பார்த்தார்.

"எடுங்கக்கா. அவசரமா இருக்கும். நான் அசைய மாட்டேன்."

"அசைய மாட்டேன்னு சொல்றவங்கதான் முதல்ல அசைவாங்க. பேசாம படுங்க."

அடித்து ஓய்ந்தது. விடிந்தால் கொட்ட வேண்டிய கல்லோடு தம்பியின் லாரிகள் எதிர்ப்பக்கச் சாலையில் வரிசையாக நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. அக்கா கட்டை அழுத்திப் பார்த்தாள். மாவில் இன்னும் சூடு ஏறிக்கொண்டிருந்தது, இறுகவில்லை. பாதத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினாள்.

போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது.