போல்ட்டுக்குப் போட்ட நாமம்

அமெரிக்காவுக்குப் புறப்பட்டபோது என் மகன் தன் மலை சைக்கிளைத் திருப்பதி வீட்டில் என்னிடம் விட்டுச் சென்றான். பெங்களூரில் வேலை கிடைத்ததும் வாங்கியது. முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் உண்டு. பின்சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்க வேண்டுமென்பதால் அதன் சட்டம் ஒரே துண்டாக இருக்காது; கதவுக்குக் கீல்போல நான்கு இடங்களில் அசையும். ஒவ்வொரு கீலையும் ஒரு போல்ட் பிடித்திருக்கும். ஓட்ட ஓட்ட அது தளரும்.

"ரெண்டே வருஷம், நைனா. வந்துடுவேன். சும்மா நிறுத்தி வெக்காத, ஓட்டிக்கினே இரு. போல்ட்ட மட்டும் மாசாமாசம் பாத்துக்கோ."

பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் மெக்கானிக்கல் பாடம் நடத்தியவன் நான். போல்ட்டைக் கழற்றித் துடைத்து, தளராமலிருக்க மரையில் நீலப் பசை ஒரு சொட்டு விட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் அளவாக இறுக்கினேன். பிறகு போல்ட் தலையிலிருந்து சட்டம் வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தேன். போல்ட் திரும்பினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

"நம்ம ஊர்ல போல்ட்டுக்கும் நாமமா?" என்று சிரித்தான். அதன்பின் ஒவ்வொரு போனிலும் கேட்பான்: "நாமம் நேரா கீதா, நைனா?"

"நேராத்தான் கீது."

அது உண்மையாகத்தான் இருந்தது, ஐந்து வருடம் வரை.

சித்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் என் மனைவியின் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "இன்னா மாமா, புள்ள அங்க வூடு வாங்கி ஆறு மாசம் ஆவுது. எப்ப போய்ப் பாக்கப் போற?" என்றான். என் முகத்தைப் பார்த்ததும், "மீக்கு தெலீதா?" என்று தெலுங்குக்கு மாறிக் குரலைத் தாழ்த்தினான். எனக்குத் தெரியாதுதான். மறுபக்கம் என் மனைவி இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

காலையில் பல்கலைக்கழகம் வரை சைக்கிள் ஓட்டுவதை நான் விடவில்லை. போல்ட்டைப் பார்ப்பதை விட்டேன். போனில் அவன் கேட்கும்போது நேராத்தான் இருக்கிறது என்றேன். வீட்டைப் பற்றி அவன் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து லீவில் வருவதாகச் சொன்னான். வருவதற்கு முந்தின நாள் சைக்கிளைத் திருப்பிப் பார்த்தேன். பின்சட்டத்தின் பெரிய போல்ட்டில் கோடு விரல் அகலம் விலகியிருந்தது. கழற்றி இறுக்க அரை மணி நேரம் போதும். ரெஞ்சு அலமாரியில்தான் இருந்தது. நான் தின்னரில் துணியை நனைத்துப் பழைய கோட்டைத் துடைத்தேன். தளர்ந்திருந்த போல்ட்டின் மேலேயே புதுக் கோடு போட்டேன், மிக நேராக. அவன் விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. அவனால் மறைக்க முடிகிறபோது என்னாலும் முடியும் என்று மட்டும் நினைத்தேன்.

மறுநாள் வந்தவன் முதலில் குனிந்து நாமத்தைத்தான் பார்த்தான். "சூப்பர், நைனா." அதற்கடுத்த நாள் காலையில் சந்திரகிரிப் பக்கம் மலைச்சரிவில் இறங்கும்போது போல்ட் கழன்று பின்சட்டம் மடங்கியது. அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, பொறுக்கி வந்திருந்த போல்ட்டை இடது கையால் நீட்டினான். தலையின் விளிம்பில் தின்னர் படாத பழைய பெயின்ட் ஒரு பொட்டாக ஒட்டியிருந்தது. புதுக் கோடு தள்ளி வேறிடத்தில் இருந்தது.

"எனக்கே நாமம் போட்டுட்டியே, நைனா."

"வூடு வாங்கனத நீ சொன்னியா?"

"நேர்ல சொல்லலாம்னுதான் வந்தேன்."

அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் தகுதியை நான் துணியால் துடைத்துவிட்டிருந்தேன்.

சைக்கிள் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. நான்கு போல்ட்டையும் முறையாக இறுக்கி, மாதாமாதம் ரெஞ்சு வைத்துப் பார்க்கிறேன். கோடு போடுவதில்லை. போனில் அவன் அதைப் பற்றிக் கேட்பதும் இல்லை.