மூடச் சொன்ன கதவு

கடற்கரையோரம், தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஃபைபர் படகு செய்யும் கொட்டகை ஒன்றுக்கு, வேலையாட்கள் சுவாசிக்கும் காற்றை அளக்கப் போயிருந்தேன். படகுக்கு ரெசின் பசை பூசும் பிலோமினா அக்காவின் இடுப்பில் சிறிய பம்பைக் கட்டி, காற்றை இழுத்துப் பிடித்து வைக்கும் குழாயைச் சட்டைக் கழுத்தில் குத்திவிட்டேன். கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. தெற்கிலிருந்து பலமாக வீசிய சோழகக் காற்றில் நெடியே தெரியவில்லை. பரவாயில்லாத இடம் என்று நினைத்தேன்.

மத்தியானம் அவர் பூசிய படகைப் பார்த்தேன். ஈரப் பசை முழுக்க மணல் அப்பியிருந்தது. முன்னர் செய்து முடித்த படகுகளிலோ ஒரு மணல் துகளும் இல்லை.

"அக்கா, வழமையா கதவைத் திறந்து வைச்சோ வேலை செய்யிறனீங்கள்?"

"இல்லைத் தம்பி, மண் ஒட்டினா போட் பழுதாப்போகும். நீங்கள் வாறீங்கள் எண்டுதான் முதலாளி இண்டைக்குத் திறந்தவர்."

அதுவரை பிடித்த காற்று பொய். கதவை மூடச் சொன்னேன். புதுக் குழாயை மாட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரத்திலேயே கண் எரிந்தது, தலை சுற்றியது. வெளியே ஓடிவந்து கடற்காற்றை இழுத்து இழுத்து விட்டேன். அக்கா வரவில்லை. என் பம்பைச் சுமந்தபடி உள்ளேயே பூசிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் பம்பைக் கழற்றும்போது கேட்டார்: "இப்ப சரியான காத்துப் பிடிச்சாச்சோ தம்பி?"

பிடித்துவிட்டேன். ஆனால் அவரை உள்ளே விட்டுக் கதவை மூடச் சொன்னவன் நானேதான்.