கொடி கையில் இல்லாதபோது

மட்டாஞ்சேரி பஜாரில் அரிசி மூட்டை ஏற்றிய லாரிகளை என் அத்திம்பேர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி நிறுத்துவார், அக்கா தெருவைக் கடப்பதற்காக. ஓட்டுநர்கள் தலையை வெளியே நீட்டி ஏசுவார்கள். சுமை தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். அவர் அசையமாட்டார். சிவப்புக் கொடி கையில் இல்லாதபோது வண்டியை நிறுத்த இதுதான் முறை என்பது ரயில்வே விதி. வண்டி முழுதாக நின்ற பிறகுதான் கையை இறக்க வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்வார். ஓய்வு பெற்று இங்கே குடிவந்த பிறகும் அவர் ஸ்டேஷன் மாஸ்டராகவே இருந்தார். என் அக்காவுக்குக் கணவர் என்பது இரண்டாவது உத்தியோகம்தான்.

நானும் விதிகளின் ஆள். காக்கநாட்டில் கலெக்டர் அலுவலகத்தின் நிலப் பிரிவில் இருந்தவன். ஒருவர் தன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு இது என் வீடு என்றாலும் அதற்குச் சான்று கேட்டுப் பழகியவன். எனக்கும் அத்திம்பேருக்கும் ஒத்துப்போனதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவர் எந்தச் சான்றும் வைக்காமல் போய்விட்டார்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, பழைய மீட்டர் கேஜ் பாதையில், ஒரு சிறிய ஸ்டேஷனில் அவர் வேலை பார்த்தபோது பிறந்தது அவர்களுடைய முதல் குழந்தை. பெண். பல் முளைக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது. அவ்வளவு சின்னக் குழந்தையை எங்களில் எரிப்பதில்லை, புதைப்பார்கள். பெண்கள் கூடப் போவதும் இல்லை. அன்று அவருக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. வந்துகொண்டிருந்த பாசஞ்சர் வண்டியை நிறுத்தி, அனுப்பிவைத்து, அதன் பிறகு துணியில் சுற்றிய குழந்தையை எடுத்துக்கொண்டு அவர் நடந்தார். அக்கா அடுக்களையிலேயே நின்றாள். திரும்பி வந்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஸ்டேஷன் கிணத்துக்குப் பின்னாலே. ரெண்டு புளிய மரத்துக்கு நடுவிலே." அடுத்த மாதமே வேறு ஊருக்கு மாற்றல். பின்னாளில் அக்கா எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும், வண்டி வரும் நேரமாகிவிட்டது என்பதுபோல எழுந்துவிடுவார், ரயிலே வராத எங்கள் தெருவில்.

அவருடைய காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அக்கா என்னிடம் சொன்னாள்: "நேக்கு அங்கே ஒரு தடவை போய் நின்னாப் போறும். எடம் தெரிஞ்சவர் போயாச்சு." அந்தப் பகுதியில் தென்னந்தோப்புகளை வாங்கிக் கிடங்கு கட்ட நிலத்தை நிரவுகிறார்கள் என்று பாலக்காட்டு உறவினர் போனில் சொல்லியிருந்தார். நிரவிவிட்டால் கிணறும் கிடையாது, மரமும் கிடையாது. அக்காவுக்குத் தூக்கம் போயிற்று.

எனக்கோ இது சுலபமான வேலையாகப் பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். அப்படி ஒரு நிலையம் இல்லை என்று பதில் வந்தது. இப்போது இல்லை என்பதுதான் எனக்கே தெரியுமே. எப்போது, எங்கே இருந்தது என்று மேல்முறையீடு செய்தேன். பாலக்காட்டு ஜங்ஷனிலிருந்து அதற்கு இருந்த தூரம் ஒருவழியாகக் கிடைத்தது. இன்றைய அகல ரயில் பாதையில் அந்தத் தூரத்தை அளந்து, வரைபடத்தில் புள்ளி வைத்து, அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஒரு சிறிய பாட்டிலில் பால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

புள்ளி வைத்த இடத்தில் வாழைத்தோட்டம் இருந்தது. கிணறு இல்லை. முன்னால் நடந்தேன், பின்னால் நடந்தேன், பாதையின் மறுபுறத்துக்கும் போய்ப் பார்த்தேன். எங்கோ தொலைவில் ஜேசிபி ஒன்று விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. அது எந்தத் திசையில் என்றுகூடப் பிடிபடவில்லை. வியர்த்து வழிய நான் திரும்பி வந்தபோது அக்கா காரிலிருந்து இறங்கித் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அந்த லைன் இல்லைடா," என்றாள். "அடுக்களை ஜன்னல்லேர்ந்து பார்த்தா எஞ்சினும் தெரியும், கடைசியிலே கார்டு பொட்டியும் தெரியும். வண்டி வளைஞ்சுன்னா வரும். நேர் லைன்லே அது எப்படித் தெரியும், சொல்லு?"

தூரம் காகிதத்தில் சரியாக இருந்தது. ஆகவே பாதையும் அங்கேயேதான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். இப்படி ஒரு பிழையைச் செய்ய நிலப் பிரிவில் ஒரு ஆயுள் கழித்திருக்க வேண்டும். அகலப் பாதை போட்டபோது வளைவை நிமிர்த்தியிருக்கிறார்கள். பழைய வளைவை நிலத்தில்தான் தேட வேண்டும்.

பஞ்சாயத்து மண் சாலை ஒன்று காரணமே இல்லாமல், ஆனால் அளவெடுத்ததுபோல ஒரே சீராக வளைந்து தோப்புகளுக்குள் போயிற்று. எந்த மாட்டு வண்டியும் போட்ட தடம் அல்ல அது. அதில் காரை விட்டேன். ஓரத்து மண்ணில் நிலக்கரிக் கசடு கறுப்பாகக் கிடந்தது. வேலிக்குத் தண்டவாளத் துண்டுகளை நட்டிருந்தார்கள். "இதுதான், இதுதான்," என்று அக்கா வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். வளைய வளைய உறுமலும் பெரிதாகிக்கொண்டு வந்தது. வேகமாகப் போகச் சாலை இடம் கொடுக்கவில்லை.

தோப்பு இருந்த இடம் வெட்டவெளியாகியிருந்தது. கருங்கல் கட்டிய கிணறு பாதி மூடிக் கிடந்தது. அதன் பின்னால் ஒரு புளியமரம் நின்றது. இன்னொன்று வேரோடு சாய்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவிலிருந்த மண்ணை நோக்கி ஜேசிபி நகர்ந்துகொண்டிருந்தது.

குடை பிடித்து நின்ற கான்ட்ராக்டரிடம் ஓடினேன். பழைய உத்தியோகத்தைச் சொன்னேன், விஷயத்தைச் சொன்னேன், ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தக் கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "ஸாரே, கோர்ட் ஸ்டே உண்டோ? பேப்பர் வல்லதும்?"

ஏதாவது காகிதம் உண்டா என்று ஊரையெல்லாம் நான் கேட்ட கேள்வி. ஒன்றும் இல்லை என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? பதிவு இல்லாத ஒரு குழந்தைக்காக, நிலையம் இல்லாத ஓர் இடத்தில், எந்த விதியின் கீழ் ஆட்சேபம் எழுப்புவது?

அப்போது கான்ட்ராக்டரின் பார்வை என் தோளைத் தாண்டிப் போயிற்று. திரும்பினேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்ணில் நின்றிருந்தாள். பால் பாட்டில் காலடியில் இருந்தது. இரண்டு கைகளும் தலைக்கு மேலே.

"பாட்டி, தள்ளி நில்லுங்க, பக்கெட் வருது," என்று மேலேயிருந்து கத்தினான் டிரைவர். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன். அவள் நகரவில்லை. பக்கெட்டின் இரும்புப் பற்கள் அவளுக்கு முன்னால், ஆள் உயரத்தில் ஆடி நின்றன.

"என் கொழந்தை இங்கே இருக்காடா," என்றாள். அந்த இரைச்சலில் அது அவனுக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவன் எஞ்சினை அணைத்தான். கீழே இறங்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கான்ட்ராக்டரிடம் போய், "அண்ணா, ஒரு டீ குடிச்சிட்டு வந்துரலாம்," என்றான். கான்ட்ராக்டர் குடையை மடக்கினார். இருவரும் சாலைப் பக்கம் நடந்தார்கள். டீ குடிக்கும் நேரம், அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்தது.

நான் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. கைகள் அப்படியே மேலே இருந்தன. பஜாரில் லாரிகளுக்கு நடுவே நின்ற அந்த மனிதரை நினைத்துக்கொண்டேன்.

"வண்டி நின்னாச்சு, அக்கா," என்றேன்.

அதன் பிறகுதான் இறக்கினாள்.