அப்பாவின் சட்டையும் இஸ்திரிப் பெட்டிக் கறையும்

அப்பாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து புதுப்பட்டினம் வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அதன் பிறகு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. படூர் ஆபீசிலிருந்து ஓடிவந்த அதே சுடிதாரோடு சுவரோரம் நின்றேன். வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் கண்ணீர் என் தோளை நனைத்தது. எனக்கு அழுகை வரவில்லை.

அம்மா பீரோவைத் திறந்து அப்பாவின் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"இதத் தேச்சிக் குடு. கசங்கின சட்டயப் போட்டுகினு உங்கப்பா தெருவுல எறங்க மாட்டாரு."

உண்மைதான். அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த காலத்திலும், ஓய்வு பெற்ற பிறகும் தன் சட்டையை அவரேதான் தேய்த்துக்கொள்வார். வேறு யாராவது தேய்த்தால் காலரைத் திருப்பிப் பார்ப்பார்.

படுக்கையறையில் இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் கறுப்பாக ஏதோ உருகி ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா பாலியஸ்டர் புடவையை அதிகச் சூட்டில் தேய்த்திருக்கிறாள். அதை அப்படியே வைத்தால் வெள்ளைச் சட்டை பாழாகிவிடும்.

காய்ச்சல் மாத்திரையைத் தேய்த்தால் அந்தக் கறை போகும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தேன். அப்பாவின் மருந்து டப்பாவில் பாதி அட்டை மீதி இருந்தது. பெட்டியைச் சூடாக்கி, மாத்திரையை இடுக்கியில் பிடித்துக் கறையின் மேல் அழுத்தித் தேய்த்தேன். மாத்திரை கரைந்து கூழானது. மருந்து நெடியோடு புகை வந்தது. பழைய பனியனை மடித்துத் துடைத்ததும் கறுப்பு கொஞ்சம் இளகி வந்தது. இன்னொரு மாத்திரையைப் பிரித்தேன்.

மாமா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மாவின் தம்பி.

"இன்னாம்மா பண்ணிகினு கீற? எல்லாம் உன்னத்தான் கேட்டுகினு கீறாங்க."

"கறை எடுக்கிறேன் மாமா. சட்டைல புடிச்சிக்கும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கூடத்தில் ஒப்பாரி கேட்டது. எனக்குத் தகட்டின் ஓரத்தில் மிச்சமிருந்த கறுப்பு போனால் போதும் என்றிருந்தது. தகடு பளபளப்பான பிறகு, பழைய துண்டில் ஓட்டிப் பார்த்தேன். துண்டு சுத்தமாக இருந்தது. சட்டையை விரித்து, காலர், கை, முன்பக்கம், முதுகு என்று ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்தேன்.

குளிப்பாட்டி முடித்ததும் சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காரியம் செய்ய வந்திருந்தவர் அதை வாங்கித் திருப்பினார். கத்திரிக்கோலால் முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டினார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"கை மடங்காது பாப்பா. இப்டித்தான் போடணும்" என்றார்.

முன்பக்கமாகச் சட்டையை மாட்டி, முதுகுக்கு அடியில் துணியைச் செருகினார். பார்த்தால் வெட்டியது தெரியவில்லை. அம்மா குனிந்து காலரை நீவிவிட்டாள்.

"நல்லா கீது" என்றாள்.

வண்டி கடற்கரைப் பக்கத்துச் சுடுகாட்டுக்குக் கிளம்பியது. பெண்கள் வாசலோடு நின்றுவிட்டோம். பக்கத்து வீட்டு அக்கா காபி கொண்டுவந்து கையில் வைத்தாள். சர்க்கரை அதிகம். முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன்.